மலைக்கு ஒரு கால் சுத்து

எனக்குக் கோவம் மூக்கு மேலயே உக்காந்திருக்கும்னு எங்க ஊட்டுல சொல்லுவாங்க. அது பொய்யின்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா கோவம் மூக்கு மேல இருந்தாலும் பலம் கையிலதான் இருந்துச்சு. குன்னூர் பஸ் ஸ்டாண்டுக்குக் கீழ ஒரு கார் ஒர்க் ஷாப்புல இருபத்தஞ்சு வருசத்துக்கு மேல வேலை பாத்தவன் நான். நான் முடுக்கின போல்ட்டை இன்னொருத்தன் கழட்டணும்னா, ஸ்பேனர் கைப்பிடியில ரெண்டடி பைப்பை மாட்டி, சாமியையும் கும்பிட்டுட்டுத்தான் கழட்டணும். அதுல எனக்கு அப்படி ஒரு பெருமை.

எங்க ஒர்க் ஷாப்புல ஒரு வழக்கம் இருந்துச்சு. எந்த போல்ட்டா இருந்தாலும் டைட் வெச்சு முடிச்சப்புறம், மூச்சைப் பிடிச்சு, "மலைக்கு!"ன்னு ஒரு சத்தம் குடுத்துட்டு இன்னொரு கால் சுத்து இழுக்கணும். மேட்டுப்பாளையத்துல இருந்து குன்னூர் வரைக்கும் பதினாலு கொண்டை ஊசி வளைவு. கீழ்நாட்டுல முடுக்கினது இந்த ரோட்டுல ஆடி ஆடி லூஸாகிரும், அதனால மலைக்குன்னு ஒரு கால் சுத்து கூடப் போடணும்னு யார் ஆரம்பிச்சாங்களோ, நான் வேலைக்குச் சேர்றதுக்கு முன்னாடியே அது சட்டமாகியிருந்துச்சு. ஜீப்பு, லாரி, எஸ்டேட் டிராக்டர் எல்லாமே இரும்பு. இரும்பு பாவம், எதையும் தாங்கும். நாலு பேர் சேந்து வேலை செய்யற நாள்ல "மலைக்கு! மலைக்கு!"ன்னு கேட்டுட்டே இருக்கும். ரோட்டுல போறவங்க உள்ள ஏதோ தேர் இழுக்கறாங்கன்னு நினைச்சாலும் தப்பில்ல.

அப்புறம் சின்னச் சின்ன காருங்க வந்துச்சு, ஏசியும் ஹீட்டரும் வெச்சு. ஏசிக்கு இந்தக் குளிர் மலையில என்ன வேலைன்னு கேப்பீங்க. கீழ இருந்து டூரிஸ்ட் வர்றாங்களே, அவங்க காருக்கு ஏசி இல்லாம ஆகாது. எங்களுக்கு வேண்டியது ஹீட்டர். என்ஜின் சூட்டுல கொதிக்கற தண்ணி ஒரு குழாய் வழியா டேஷ்போர்டுக்கு அடியில இருக்கற குட்டி ரேடியேட்டருக்கு வரும், ஃபேன் அந்தச் சூட்டை உள்ள ஊதும். அவ்வளவுதான் சமாச்சாரம். இந்த வேலைக்குன்னு முதலாளி கூடலூர்ல இருந்து ஒரு ஆளைக் கூட்டிட்டு வந்தாரு. வெளிநாட்டுல எட்டு வருசம் கார் ஏசி வேலை பாத்தவர். என்னை விட ரெண்டு வயசுதான் மூப்பு. பாதி தமிழ், பாதி மலையாளம், அதுலயும் பாதி சிரிப்பு.

அவர்கிட்ட ஒரு ரெஞ்ச் இருந்துச்சு. எவ்வளவு முடுக்கணும்னு அதுல நம்பர் வெச்சுட்டா, அந்த அளவு வந்ததும் கைக்குள்ளயே "டக்"குன்னு ஒரு சத்தம். அதோட நிறுத்திரணும். எனக்கு அதைப் பாத்த அன்னைக்கே பத்திக்கிட்டு வந்துச்சு. போல்ட்டை முடுக்கறதுக்குக் கையில உசிரு வேண்டாமா? டக்குன்னு சத்தம் போடுதேன்னு அந்த ரெஞ்சுக்கு நான் பல்லின்னு பேர் வெச்சேன். அவர் குனிஞ்சு வேலை செய்யறப்பெல்லாம், "என்னங்க, பல்லி சொல்லிருச்சா?"ன்னு கேப்பேன். "சொல்லி, சொல்லி"ன்னு, சொல்லிருச்சுங்கறதை மலையாளத்துல சொல்லி, சிரிச்சுட்டே எந்திரிப்பாரு. கோவமே வராத மனுசன்கிட்ட வம்பிழுக்கறதுல ஒரு சுகமும் இல்லீங்க.

பழைய காலண்டர் அட்டையைத் திருப்பி, அதுல கட்டம் போட்டு, எந்த போல்ட்டுக்கு எத்தனைன்னு எழுதி செவுத்துல மாட்டினாரு. ஏசி பைப் ஜாயிண்டுக்கு இத்தனை, கம்ப்ரசர் போல்ட்டுக்கு இத்தனை, ஹீட்டர் குழாயைச் சுத்தி இறுக்கற கிளாம்புக்கு ரெண்டரை. "இது என்ன, சமையல் குறிப்பா? உப்பு எத்தனை ஸ்பூன்னு எழுதலியே"ன்னேன். ரெண்டரைன்னா ரெண்டரை என்னன்னு முதலாளி கேட்டாரு. நியூட்டன் மீட்டர்னாரு கூடலூர்க்காரர். யாருக்கும் புரியல. உடனே வாசல்ல கேரட் வித்துட்டிருந்த அம்மாகிட்ட கால் கிலோ வாங்கிட்டு வந்து, ஒரு மீட்டர் கம்போட நுனியில பையைத் தொங்கவிட்டாரு. இன்னொரு நுனியை என் கையில குடுத்தாரு. "இதாணு ரெண்டரை. இத்ர மதி."

மதின்னா அவங்க பாஷையில போதும்னு அர்த்தம். அந்தக் கம்பை நான் ரெண்டு விரல்ல பிடிச்சுத் தூக்கிட்டு நின்னேன். இதெல்லாம் ஒரு டைட்டா, என் பாட்டி காதுல தோடு முடுக்கறது இதை விட ஜாஸ்தியா இருக்கும்னு சொல்லிட்டு ஒரு கேரட்டை எடுத்துக் கடிச்சேன்.

ஒரு தடவை ஏசி பைப் ஜாயிண்ட் ஒண்ணை அவர் இல்லாதப்ப நான் முடுக்கினேன். சின்ன போல்ட்டு, உள்ள அலுமினியம். "மலைக்கு!"ன்னு இழுத்தேன். திரெட் மொத்தமும் சுருள் சுருளா வெளிய வந்துருச்சு. உள்ள இருந்த ரப்பர் வளையமும் நசுங்கி, அடைச்ச கேஸ் புஸ்ஸுன்னு போச்சு. லூஸா இருந்தாத்தான் ஒழுகும்னு நினைச்சவன் நான். டைட்டா இருந்தாலும் ஒழுகும்னு அன்னைக்குத்தான் பாத்தேன். பாத்தேன்னுதான் சொல்றேன், ஒத்துக்கலை. போல்ட்டு மட்டம்னு சொல்லிட்டேன். கூடலூர்க்காரர் புதுசா திரெட் போட்டு சரி பண்ணினாரு.

அந்த வருசம் மார்கழிக்கு முன்னாடி எனக்குப் பொண்ணு பொறந்துச்சு. கல்யாணமாகி ஏழு வருசம் கழிச்சு. எட்டாம் மாசத்துலயே வலி எடுத்து, கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்கு ஓடி, அங்க பொறந்தா. ஒண்ணரைக் கிலோ கூட இல்ல. எட்டு மாசத்துப் புள்ள தங்காதுன்னு ஊட்டி காந்தல்ல எங்க லைன் வீடுங்கள்ல ஒரு கிழவி சொன்னா. அவ வாயில மண்ணைப் போடன்னு நான் கத்தினது ரெண்டு தெருவுக்குக் கேட்டிருக்கும். கத்திட்டு உள்ள போய் அழுதேன், அது யாருக்கும் கேக்கல.

புள்ளையைக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள வெச்சிருந்தாங்க. வாரத்துக்கு ஒரு தடவை பஸ்ல இறங்கிப் போவேன். பெட்டியில ஓட்டை இருக்கு, கையை நல்லாக் கழுவிட்டு உள்ள விட்டுத் தொடுங்கன்னு நர்ஸ் சொல்லுவாங்க. நான் மாட்டவே மாட்டேன்னுட்டேன். வெரல் ஒண்ணொண்ணும் ஸ்பேனர் கணக்கா காச்சுப்போன கை. போல்ட்டு தலையவே முறிச்ச கை. அந்தக் கையை வெச்சுக்கிட்டு தீக்குச்சி கணக்கா இருக்கற காலை எப்படித் தொடறது? கண்ணாடிக்கு வெளியவே நின்னுட்டு வந்துருவேன். சம்சாரம் என்னையே பாத்துட்டே இருப்பா, அதான் தாங்காது.

சம்சாரத்தோட அக்கா அங்க துணைக்கு இருந்தாங்க. சாயங்காலம் ஒர்க் ஷாப்புக்குப் போன் பண்ணி, இன்னைக்கு இருபது கிராம் ஏறியிருக்குது, இன்னைக்கு முப்பதும்பாங்க. டன் கணக்குல லாரி பாத்தவன், முப்பது கிராமுக்கு டீ வாங்கிக் குடுப்பேன் எல்லாருக்கும். கூடலூர்க்காரர் அந்த காலண்டர் அட்டையோட ஓரத்துல கிராமையும் எழுதிட்டு வந்தாரு. நான் கேக்கல, அவராத்தான்.

ரெண்டு கிலோ வந்ததும் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாம்னாங்க. வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு. ஆனா டாக்டரம்மா என்னைத் தனியாக் கூப்பிட்டு நிறுத்திட்டாங்க. "எங்க கூட்டிட்டுப் போறீங்க? ஊட்டிக்கா? இந்த மாசத்துலயா?" கோயமுத்தூர்ல எங்களுக்கு ஒட்டு உறவுன்னு யாரும் இல்லீங்க, இருக்கற ஒரே கூரை காந்தல்லதான்னேன். அப்ப இதைக் கேட்டுக்கங்கன்னாங்க. "அம்மா நெஞ்சோட சேத்துக் கட்டிக்கட்டும். வண்டியில சூடு இருந்தாகணும், வழியில விட்டுறக் கூடாது. இந்த எடைக்குக் குளிர் தாங்காது. பாதத்தைத் தொட்டுப் பாத்துக்கிட்டே போகணும். பாதம் சில்லுன்னா உடனே எந்த ஆஸ்பத்திரி பக்கமோ அங்க நுழைஞ்சுருங்க."

காந்தல்ல அப்ப காலையில புல்லு மேல உறைபனி வெள்ளையாப் படிஞ்சு கெடக்கும். டாக்ஸியில எல்லாம் ஹீட்டர் ஏது? முதலாளி காருல ஹீட்டர் இருந்துச்சு, ரெண்டு வருசமா ஒழுகிட்டு மூடி வெச்சது. எடுத்துக்கோ, சரி பண்ணிக்கோன்னு சாவியைக் குடுத்துட்டாரு. நான் செய்யறேன்னு கூடலூர்க்காரர் வந்தாரு. "என் புள்ளைக்கு என் கையாலதான்"னேன். அப்ப இதையாவது வெச்சுக்கோன்னு பல்லியை நீட்டினாரு. "எங்கூட்டுப் புள்ளைக்குப் பல்லி சாஸ்திரம் எல்லாம் பாக்கறதில்ல"ன்னு திருப்பிட்டேன்.

வியாழக்கிழமை காலையில டேஷ்போர்டைக் கழட்டினேன். ஒழுகினது ஹீட்டருக்குத் தண்ணி விடற டேப்பு, குட்டித் திருகு குழாய், பிளாஸ்டிக்ல இருக்கும். புது டேப்பு ஒண்ணு ஸ்டாக்குல இருந்துச்சு. மாட்டினேன். அதோட கழுத்துல ரப்பர் குழாயைச் சொருகி கிளாம்பைப் போட்டேன். நல்லா முடுக்கினேன். "மலைக்கு!"ன்னு ஒரு கால் சுத்து. அப்புறம், மனசு கேக்கலைங்க, புள்ளைக்குன்னு இன்னொரு கால் சுத்து. உள்ள "கிரிச்"னு லேசா ஒரு சத்தம். ரப்பர் உக்காருதுன்னு நினைச்சுக்கிட்டேன்.

மத்தியானம் ஓட்டிப் பாக்கறதுக்கு நான் மட்டும் கீழ இறங்கினேன். காருக்குள்ள சூடுன்னா அப்படி ஒரு சூடு, கம்பளிச் சட்டையைக் கழட்டிட்டேன். பர்லியார் வரைக்கும் பாட்டு பாடிட்டுத்தான் போனேன். அங்க வண்டியைத் திருப்பி மேட்டுல ஏத்தினேன். ரெண்டாவது வளைவுல முன் கண்ணாடி உள்பக்கம் மங்குச்சு. கையால தொடச்சேன், மறுபடி மங்குச்சு. அப்புறம் அந்த வாசம் வந்துச்சு, சர்க்கரைப் பாகு வாசம். ரேடியேட்டர்ல ஊத்தற பச்சைத் தண்ணியோட வாசம் அது, எந்த மெக்கானிக்குக்கும் தெரியும். ஓரமா நிறுத்திட்டுக் குனிஞ்சு பாத்தேன். டேப்போட கழுத்து நீளமா விரிசல் விட்டிருந்துச்சு. கொதிக்கற தண்ணி ஆவியோட சொட்டிட்டு இருந்துச்சு.

நாளைக்கு அந்த இடத்துல, அந்த ஆவியில, யார் இருந்திருப்பாங்கன்னு நினைச்சேன் பாருங்க. ஸ்டியரிங்கை ரெண்டு கையாலயும் அடிச்சேன். யாரைத் திட்டறதுன்னு தேடினேன். டேப்பு மட்டம்னு சொல்ல வாய் வந்துச்சு, சொல்லவும் சொன்னேன், மரத்துல ஒரு குரங்கைத் தவிர கேக்க ஆளில்ல. எனக்கே கேவலமா இருந்துச்சு. நான்தான் உடைச்சேன். வாழ்க்கையில முதல் தடவையா அதை வாய்விட்டுச் சொன்னது அந்தக் குரங்குகிட்டதான்.

ஹீட்டருக்குப் போற தண்ணியை அடைச்சுட்டு, ஒருவழியா ஒர்க் ஷாப்புக்கு வந்து சேந்தேன். போன் பண்ணினா, அதே டேப்பு கோயமுத்தூர் கடையிலயும் இல்ல, வெளியூர்ல இருந்து வந்து சேர ரெண்டு நாளாகும்னாங்க. சிரிக்கப் போறாருன்னு பல்லைக் கடிச்சுட்டு கூடலூர்க்காரர் முன்னாடி நின்னேன். "நான்தான் உடைச்சேனுங்க"ன்னேன். அவர் சிரிக்கல. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாப் போச்சு. வெளிய போனாரு, தன்னோட காரு பானெட்டைத் திறந்தாரு. அதே மாடல் காரு. அரை மணி நேரத்துல அவரோட டேப்பு என் கையில இருந்துச்சு.

"உங்க வண்டிக்கு ஹீட்டர் வேண்டாமா?"

"கூடலூர்ல எந்து தணுப்பு, என்ன குளிரு? அங்க எல்லாரும் ஃபேன் போட்டு உறங்குது." அப்புறம் பல்லியை எடுத்து, நம்பரை ரெண்டரையில வெச்சு, என் முன்னாடி நீட்டினாரு. "உன் குட்டிக்கு உன் கையால. பட்சே, ஆனா, இதுல."

நான் படுத்துக்கிட்டு உள்ள போனேன். கிளாம்பு மேல பல்லியை வெச்சேன். சுத்தினேன். ஒண்ணுமே முடுக்காத மாதிரி இருக்கு, அதுக்குள்ள "டக்". கையில ஊறல் எடுத்துச்சு பாருங்க, இருபது வருசத்துப் பழக்கம், தொண்டை வரைக்கும் "மலைக்கு" வந்து நின்னுச்சு. வெளிய அவரோட ரெண்டு செருப்பு மட்டும் தெரிஞ்சுது. "மதி"ன்னு செருப்பு மேல இருந்து குரல் வந்துச்சு. கையை எடுத்துட்டேன்.

இருட்டறதுக்கு முன்னாடி ரெண்டு பேரும் பர்லியார் போய்த் திரும்பினோம். கண்ணாடி தெளிவா இருந்துச்சு. ஆனா சத்தியமாச் சொல்றேன், எனக்கு நம்பிக்கை வரல. வீட்டுக்குப் போறப்ப எட்டாம் நம்பர் ஸ்பேனர் ஒண்ணைப் பாக்கெட்டுல போட்டுக்கிட்டுத்தான் போனேன்.

வெள்ளிக்கிழமை கூடலூர்க்காரர் ஓட்டினாரு, நான் முன்னாடி. புள்ளையை சம்சாரம் நெஞ்சோட சேத்துக் கட்டி, மேல சேலை, மேல கம்பளி. வெளிய தெரிஞ்சது குல்லா மட்டும்தான். பக்கத்துல அவ அக்கா. மேட்டுப்பாளையம் தாண்டி, கல்லாறு தாண்டி, ரோடு ஏறினதும் ஹீட்டரைத் திறந்தோம். நான் ரோட்டைப் பாக்கல, கண்ணாடியப் பாத்தேன், மூக்கை வெச்சு மோந்துட்டே வந்தேன். "நாய் மாதிரி எதுக்குங்க மோந்துட்டு வர்றீங்க?"ன்னா சம்சாரம். அக்கா சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரல.

பர்லியார்ல வண்டியை நிறுத்தினோம். என்ஜினை ஓடவிட்டுட்டு கூடலூர்க்காரர் டீ வாங்கப் போனாரு. நேத்து டேப்பு விட்டது இங்க இருந்து ரெண்டு வளைவு தள்ளித்தான். இனிமேதான் நிஜமான ஏத்தம். டேஷ்போர்டுக்கு அடியில கையை விட்டேன். கிளாம்பு காஞ்சு இருந்துச்சு. காஞ்சு இருந்தா என்ன, ரெண்டரைதானே, கால் கிலோ கேரட்டுதானே, அதை நம்பியா என் புள்ளை மலையேறுது? ஸ்பேனரை எடுத்தேன். கிளாம்பு தலையில மாட்டினேன். ஒரே ஒரு கால் சுத்து. யாருக்குத் தெரியப் போகுது?

"ஏனுங்க"ன்னா சம்சாரம் பின்னாடி இருந்து. பாதத்தைத் தொட்டுப் பாத்துட்டுச் சொன்னா. "காலு நல்லா கதகதன்னு இருக்குதுங்க."

கையில ஸ்பேனரோட அப்படியே குனிஞ்சு உக்காந்திருந்தேன். நல்லா இருக்கறதைத்தான் நான் உடைக்கப் போறேன்னு அப்பத்தான் எனக்கு உறைச்சுது. ஸ்பேனரை வெளிய எடுத்தேன். டீயோட வந்த கூடலூர்க்காரர் என் கையைப் பாத்தாரு, என் மூஞ்சியைப் பாத்தாரு. ஸ்பேனரை அவர் கையில குடுத்துட்டு டீயை வாங்கிக்கிட்டேன். அவர் அதைச் சட்டைப் பாக்கெட்டுல போட்டுக்கிட்டு வண்டியை எடுத்தாரு. குன்னூர்ல மூடுபனி, கேத்தி தாண்டினா வெளிய எலும்பைத் துளைக்கற குளிரு. ஒவ்வொரு வளைவுக்கும் பின்னாடி இருந்து "சூடா இருக்குது", "சூடா இருக்குது"ன்னு குரல் வந்துட்டே இருந்துச்சு. அதை விட நல்ல பாட்டு நான் கேட்டதில்லைங்க. லவ்டேல் கிட்ட எனக்குக் கண்ணு கலங்கிருச்சு, ஹீட்டர் காத்து கண்ணுல படுதுன்னு சொல்லிச் சமாளிச்சேன்.

காந்தல்ல வீட்டுக்கு வந்தப்ப மணி நாலு. பக்கத்து வீட்டுல சொல்லி உள்ள கரி அடுப்பு போட்டு வெச்சிருந்தேன், அறை சூடா இருந்துச்சு. அக்கா ஆரத்தி கரைக்கப் போனாங்க. சம்சாரம் கட்டை அவுத்து, கம்பளியோட புள்ளையை என் பக்கம் நீட்டினா. "பிடிங்க."

"எனக்குக் கை சரியில்லம்மா. நீயே வெச்சுக்கோ."

"அஞ்சு மணி நேரமா நானேதான் பாத்துட்டு வந்தேன். காலு சூடா இருக்குதான்னு இப்ப நீங்க பாருங்க."

கம்பளிக்குள்ள ஒரு வெரலை விட்டேன். பாதம் என் வெரல்ல பாதி நீளம். சூடா இருந்துச்சு. சம்சாரம் சடார்னு கையை எடுத்துட்டா, புள்ளை என் கையில. ரெண்டு கிலோ. தூக்கின மாதிரியே இல்ல. நழுவிரப் போகுதோன்னு பயம் வந்துச்சு எனக்கு, பயம் வந்தா என் கைக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான், கொஞ்சம் இறுக்கிப் பிடிச்சேன். இன்னும் கொஞ்சம் இறுக்கலாம்னு இருந்துச்சு. அப்ப புள்ளை விக்கல் ஒண்ணு எடுத்தா, "டக்"குன்னு சின்னதா, கைக்குள்ள மட்டும் தெரியற மாதிரி.

அதுக்கு மேல நான் இறுக்கலை.